அமெரிக்க மறுகட்டமைப்புக் காலம் (1865–1877): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறுகட்டமைப்புக் காலம் என்று எதைச் சொல்கிறோம்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 ஏப்ரலில் முடிவுக்கு வந்ததிலிருந்து, தென் மாநிலத் தலைநகரங்களில் மீதமிருந்த ஆட்சிகளைக் காத்து நின்ற கூட்டாட்சிப் படை 1877 ஏப்ரலில் விலக்கப்பட்டது வரையிலான 12 ஆண்டுகள். தொடக்கத்தை 1863 என்று வைப்பவர்களும் உண்டு. அடிமை விடுதலைப் பிரகடனம் வந்ததும் அந்த ஆண்டில்தான், பிரிந்துபோன மாநிலங்களைத் திரும்பச் சேர்க்க லிங்கன் முதல் திட்டத்தை அறிவித்ததும் அந்த ஆண்டில்தான்.

அரசுக்கு முன்னால் அப்போது மூன்று வேலைகள் இருந்தன. பிரிந்த 11 மாநிலங்களை மீண்டும் ஒன்றியத்தில் சேர்க்க வேண்டும். சுமார் 40 லட்சம் அடிமைகளைக் குடிமக்களாக்க வேண்டும். அடிமை உழைப்பையே நம்பியிருந்த விவசாயத்தைக் கூலி உழைப்புக்கு மாற்ற வேண்டும். முதல் வேலை ஐந்தே ஆண்டில் முடிந்தது. இரண்டாவது பாதியில் கைவிடப்பட்டது. மூன்றாவதை நிலவுடைமையாளர்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த பெரும்பாலான துன்பங்களுக்கு வேர் அந்த மூன்றாவதில் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்திலும் நிலம், கூலி, கடன் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும்.

அடிமைமுறை சரியாக எந்தத் தேதியில் ஒழிந்தது?

ஒரே தேதியைச் சொல்ல முடியாது. 1863 ஜனவரி 1 பிரகடனம் கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, டெலவேர் போன்ற மாநிலங்களில் அடிமைமுறை அப்படியே இருந்தது. கிளர்ச்சிப் பகுதியிலும் படை போய்ச் சேர்ந்த இடத்தில்தான் விடுதலை நடைமுறைக்கு வந்தது. டெக்சஸின் கால்வெஸ்டன் நகரில் ஜெனரல் கிரேஞ்சர் விடுதலை ஆணையை அறிவித்தது 1865 ஜூன் 19 அன்று. இன்று 'ஜூன்டீன்த்' என்று தேசிய விடுமுறையாகக் கொண்டாடப்படுவது அந்த நாள்தான். நாடு முழுமைக்கும் சட்டப்படி முற்றுப்புள்ளி வைத்தது அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம். அது 1865 டிசம்பர் 6 அன்று ஒப்புதல் பெற்றது.

போர் முடிந்தபோது தெற்கில் என்ன மிச்சமிருந்தது?

மண் இருந்தது, பணம் இல்லை. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் கூட்டமைப்பின் நோட்டுகளும் கடன் பத்திரங்களும் வெறும் காகிதமாயின. வங்கிகள் கவிழ்ந்தன. போர் வயது வெள்ளை ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்திருந்தார். ஊனமுற்றுத் திரும்பியவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. மிசிசிப்பி மாநிலம் 1866இல் தன் வருவாயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைச் செயற்கைக் கை கால்களுக்கே செலவிட்டது.

கையில் ரொக்கம் இல்லாத நிலக்காரர், கையில் நிலம் இல்லாத உழைப்பாளி: இந்த இருவரும் எதிரெதிரே நின்றதுதான் 1865 கோடையின் நிலவரம். பிற்பாடு வந்த வாரச் சாகுபடி, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழும் முறை, இங்கிருந்துதான் கிளம்பியது.

தோற்ற தலைவர்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது?

கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தென் கூட்டமைப்பின் அதிபர் ஜெபர்சன் டேவிஸ் இரண்டு ஆண்டு சிறையிருந்தார். 1867 மே மாதம் பிணையில் வெளியே வந்தார், வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆண்டர்சன்வில் போர்க்கைதி முகாமின் தளபதி ஹென்றி விர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். உயர் தலைவர்கள் எவரும் தேசத்துரோகத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை.

இதைவிட முக்கியமானது பொது மன்னிப்பு. லிங்கன் கொல்லப்பட்டதும் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் 1865 மே 29 அன்று அதை அறிவித்தார். விசுவாசப் பிரமாணம் எடுத்தால் போதும், அடிமைகள் நீங்கலாக எல்லாச் சொத்தும் திரும்பிவிடும். கூட்டமைப்பின் உயர் பதவிகளில் இருந்தவர்களும் 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ள கிளர்ச்சியாளர்களும் தனியே மனுப்போட வேண்டும். அவர்களிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அடுத்த ஆண்டுக்குள் மன்னிப்புக் கிடைத்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது பெருந்தன்மை. ஆனால் திருப்பித் தரப்பட்ட அந்த நிலங்களில் பலவற்றை விடுதலை பெற்றவர்கள் அப்போது உழுதுகொண்டிருந்தார்கள்.

'40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்' என்ற வாக்குறுதி உண்மைதானா?

உண்மை. ஆனால் நாடு தழுவிய வாக்குறுதி அல்ல. 1865 ஜனவரி 12 அன்று ஜார்ஜியாவின் சவான்னா நகரில் ஒன்றியப் படையின் ஜெனரல் ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் 20 கறுப்பினப் போதகர்களைச் சந்தித்தார்கள். 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்ற கேள்விக்கு அவர்கள் சார்பில் காரிசன் பிரேசியர் பதில் சொன்னார்: நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பாலேயே உழுது பிழைத்துக்கொள்வோம் என்று. நான்கு நாளில் சிறப்புக் கள ஆணை எண் 15 வந்தது. தென் கரோலினாவின் சார்லஸ்டனிலிருந்து புளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரையுள்ள தீவுகளும், கடற்கரையிலிருந்து 30 மைல் உட்பகுதி வரையுள்ள கைவிடப்பட்ட வயல்களும் ஒதுக்கப்பட்டன. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாத துண்டு. கோவேறு கழுதை அந்த ஆணையில் கிடையாது, படையிலிருந்து பிறகு இரவலாகக் கொடுக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் சுமார் 4 லட்சம் ஏக்கரில் 40,000 பேர் குடியேறினார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது அனுபவ உரிமைச் சீட்டு மட்டும். கிரயப் பட்டா இல்லை. படையின் ஆணை போர்க்கால அதிகாரத்தில் பிறந்தது, நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. மன்னிப்புப் பெற்ற பழைய உடைமையாளர் தாய்ப்பத்திரத்தோடு வந்து நின்றபோது சீட்டு செல்லாமல் போனது.

1865 அக்டோபரில், நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி சொல்ல ஜெனரல் ஹோவர்ட் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்கு அனுப்பப்பட்டார். விடுதலை பெற்றவர்களைக் காக்கவென்றே அமைந்த துறையின் தலைவர் அவர், போரில் வலது கையை இழந்தவர். தேவாலயத்தில் கூடியிருந்த மக்களிடம், பழைய எஜமானர்களை மன்னித்து அவர்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள் என்றார். தீவு மக்களின் குழு அவருக்கு எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. நீங்கள் போரில் ஒரு கையை மட்டும் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவரை, என் தாயையும் சகோதரியையும் அடித்தவரை, தன் நிலத்தில் தான் சொன்ன கூலிக்கு உழைத்தால்தான் காலிக் குடிசையில் இருக்கவிடுவேன் என்பவரை நான் எப்படி மன்னிப்பேன் என்பது அதன் சாரம். அடிமைகளாக இருந்தவர்கள், விடுதலையான ஒரே ஆண்டில், சிக்கல் எங்கே இருக்கிறது என்று அரசுக்கு இவ்வளவு துல்லியமாக எழுதிக்காட்டினார்கள். அரசு கேட்கவில்லை.

வேறு வழியில் நிலம் கொடுக்க முயலவில்லையா?

1866இல் தெற்கு வீட்டுமனைச் சட்டம் வந்தது. அலபாமா, ஆர்கன்சா, புளோரிடா, லூசியானா, மிசிசிப்பி ஆகிய ஐந்து மாநிலங்களில் சுமார் 4.6 கோடி ஏக்கர் அரசு நிலத்தை, தொடக்கத்தில் 80 ஏக்கர் துண்டுகளாகக் கொடுக்கும் திட்டம். பெரும்பகுதி சதுப்பும் பைன் காடும். காட்டை வெட்டித் திருத்தி முதல் விளைச்சல் எடுக்கும் வரை சாப்பிட ஏதாவது வேண்டும், கலப்பை வேண்டும், விதை வேண்டும். இவை எதற்கும் சட்டத்தில் பணம் ஒதுக்கவில்லை. அந்த ஆண்டு ஏற்கெனவே வருடக் கூலி உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களால் நடுவில் கிளம்பவும் முடியவில்லை. சட்டம் 1876இல் நீக்கப்பட்டது.

விடுதலையோர் நலத்துறை என்னென்ன செய்தது?

1865 மார்ச் 3 அன்று போர்த்துறையின் கீழ் அமைக்கப்பட்டது. உணவு, மருத்துவம், பள்ளி, கூலி உடன்படிக்கை, வழக்கு, திருமணப் பதிவு என்று எல்லாமே இதன் தலையில். இவ்வளவுக்கும் தெற்கு முழுமைக்கும் அதன் முகவர்கள் எந்தக் காலத்திலும் சுமார் 900 பேரைத் தாண்டவில்லை. முதல் ஆண்டில் தனியாக நிதியும் ஒதுக்கவில்லை.

அதன் நிலையான சாதனை கல்வி. 1,000க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு அது கைகொடுத்தது. பிஸ்க், ஹோவர்ட், ஹாம்ப்டன் போன்ற உயர்கல்வி நிறுவனங்கள் அந்த ஆண்டுகளில் பிறந்தவை. போருக்கு முன் பல தென் மாநிலங்களில் அடிமைக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே குற்றமாக இருந்தது. அதனால்தான் பேரப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் பாட்டிகளும் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினார்கள்.

கூலி உடன்படிக்கையில் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. உடன்படிக்கை ஒரு வருடத்துக்கு. எத்தனை மணி நேர வேலை, உணவுப் படி எவ்வளவு, வராத நாளுக்கு எவ்வளவு பிடித்தம், கூலியில் எந்தப் பகுதி அறுவடை வரை நிறுத்திவைக்கப்படும் என்பதெல்லாம் அதில் இருக்கும். முகவர் படித்துக்காட்டுவார், உழைப்பாளி பெருக்கல் குறி போடுவார். அறுவடை முடிந்ததும் ஏதாவது காரணம் சொல்லி விரட்டிவிட்டால், நிறுத்திவைத்த கூலி முழுவதும் போய்விடும். புகார் கொடுக்க முகவரைத் தேடி ஒரு நாள், இரண்டு நாள் நடக்க வேண்டும். அந்த நடைக்கும் வராத நாள் பிடித்தம் உண்டு.

'கறுப்பர் சட்டங்கள்' எப்படி வேலை செய்தன?

ஜான்சனின் திட்டப்படி 1865இல் உருவான புதிய மாநிலச் சட்டமன்றங்களில் பழைய ஆட்களே திரும்பி வந்தார்கள். அவர்கள் முதலில் இயற்றியவை இவைதான். மிசிசிப்பி வழிகாட்டியது.

ஒவ்வொரு ஜனவரியிலும் தனக்கு வேலை இருப்பதற்கான எழுத்துச் சான்றைக் கறுப்பினத்தவர் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று கைது, 50 டாலர் வரை அபராதம். கட்ட முடியாதவரை, அபராதத்தைக் கட்டும் நிலக்காரரிடம் வேலைக்கு விடுவார்கள். வருட நடுவில் வேலையை விட்டால் அதுவரை உழைத்த கூலி முழுவதும் போய்விடும். அடுத்த நிலக்காரர் அதிகக் கூலி காட்டி அழைத்தால் அவர்மீதும் குற்றம். பெற்றோரால் காப்பாற்ற முடியாது என்று நீதிமன்றம் கருதும் பிள்ளைகளைத் தொழில் பழகுநராக ஒப்படைக்கலாம், அதிலும் பழைய எஜமானருக்கே முன்னுரிமை. தென் கரோலினாவில் விவசாயம், வீட்டு வேலை தவிர்த்த தொழில் செய்யக் கறுப்பினத்தவர் ஆண்டுக்கு 10 முதல் 100 டாலர் வரை உரிமக் கட்டணம் கட்ட வேண்டும்.

இந்தச் சட்டங்களைப் பார்த்துத்தான் வடக்கு விழித்தது. 1866 ஏப்ரலில் குடிமை உரிமைச் சட்டத்தை அதிபரின் மறுப்பாணையையும் மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

1867 சட்டப்படி ஒரு மாநிலம் மீண்டும் சேர என்னென்ன படிகள்?

டென்னசி 1866இலேயே, குடியுரிமையையும் சமப் பாதுகாப்பையும் பற்றிய 14ஆம் திருத்தத்தை ஏற்றுச் சேர்ந்துவிட்டது. மீதி 10 மாநிலங்களும் 1867 மார்ச் 2 சட்டத்தால் ஐந்து படைமண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன.

படைத்தளபதி ஊர் ஊராக மூவர் கொண்ட பதிவுக் குழுக்களை அமைப்பார். 21 வயதான ஆண்கள், எந்த நிறத்தவரானாலும், பிரமாணம் எடுத்து வாக்காளராகப் பதிவார்கள். பதவிப் பிரமாணம் எடுத்தபின் கிளர்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு இடமில்லை. பதிந்தவர்கள் அரசியல் சட்டப் பேரவைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பேரவை கறுப்பின ஆண்களின் வாக்குரிமையை உள்ளடக்கிய மாநில அரசியல் சட்டத்தை எழுதும். வாக்காளர்கள் அதை ஏற்க வேண்டும், நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். புதிய சட்டமன்றம் 14ஆம் திருத்தத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகே அந்த மாநில உறுப்பினர்களுக்கு வாஷிங்டனில் இடம்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. பதிவு செய்த வாக்காளர்களில் பாதிப் பேராவது வாக்களித்தால்தான் முடிவு செல்லும் என்று முதலில் விதித்திருந்தார்கள். 1868 பிப்ரவரியில் அலபாமாவில் வெள்ளையர்கள் பெயரைப் பதிந்துவிட்டு, வாக்களிக்காமல் வீட்டிலிருந்தே தேர்தலைத் தோற்கடித்தார்கள். மார்ச்சில் நாடாளுமன்றம் விதியை மாற்றியது: விழுந்த வாக்குகளில் பெரும்பான்மை போதும்.

ஜார்ஜியா இரண்டு முறை சேர வேண்டியிருந்தது. 1868 ஜூலையில் படிகளை முடித்துவிட்டு, செப்டம்பரிலேயே தன் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர்களை வெளியேற்றியது. மீண்டும் படையாட்சிக்குள் வந்து, அவர்களைத் திரும்பச் சேர்த்து, 15ஆம் திருத்தத்தையும் ஏற்ற பிறகு 1870 ஜூலையில் கடைசியாக உள்ளே வந்தது.

13, 14, 15ஆம் திருத்தங்கள் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன? எங்கே ஓட்டை?

13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 'குற்றத்துக்கான தண்டனையாக அன்றி' என்று அதில் ஒரு விலக்கு. அந்த விலக்கின் வழியாகக் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் ரயில்பாதைக்கும் பண்ணைகளுக்கும் வாடகைக்கு விடும் முறை வளர்ந்தது. மிசிசிப்பி 1876இல் 10 டாலர் மதிப்புள்ள பொருளையோ ஒரு பன்றியையோ திருடினால்கூடப் பெருந்திருட்டு என்று சட்டம் போட்டது, கைதிகள் எண்ணிக்கை உயர்ந்தது. அலபாமாவில் கைதி வாடகைமுறை 1928 வரை நீடித்தது.

1868இல் வந்த 14ஆம் திருத்தம் மூன்றிலும் ஆழமானது. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகன், எந்த மாநிலமும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது. கூடவே, ஆண்களின் வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்துக்கு மக்களவை இடங்களைக் குறைக்கலாம் என்றும் ஒரு பிரிவு உண்டு. அந்தத் தண்டனை ஒருமுறைகூட நடைமுறைக்கு வரவில்லை. இடங்களைப் பங்கிடும் மக்கள்தொகைக் கணக்கில் முன்பு அடிமை ஒருவரை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணியதற்குப் பதில் இப்போது முழு ஆளாக எண்ணினார்கள். வாக்கைப் பறித்த தெற்குக்கு முன்பைவிட அதிக இடங்கள் கிடைத்தன.

1870 பிப்ரவரியில் வந்த 15ஆம் திருத்தம், இனம், நிறம், முந்தைய அடிமை நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி வாக்கை மறுப்பதைத் தடுத்தது. எழுத்தறிவு, சொத்து, வரி ஆகியவற்றையும் தடைப் பட்டியலில் சேர்க்கும் வரைவுகள் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டுக் கைவிடப்பட்டன. இருபது ஆண்டு கழித்துத் தெற்கு நுழைந்தது அந்தத் திறந்த கதவு வழியாகத்தான். பெண்களுக்கு இந்தத் திருத்தத்தில் இடமே இல்லை.

கறுப்பினத்தவர் ஆட்சிப் பொறுப்புக்கு வந்து என்ன செய்தார்கள்? ஊழல் ஆட்சி என்கிறார்களே?

ஏறத்தாழ 2,000 கறுப்பினத்தவர், ஊர் நீதிபதியிலிருந்து செனட் வரை பொறுப்பு வகித்தார்கள். நாடாளுமன்றத்தில் மட்டும் 16 பேர். ஹைரம் ரெவெல்ஸ் 1870 பிப்ரவரியில் முதல் கறுப்பின செனட் உறுப்பினரானார். லூசியானாவில் பிஞ்ச்பேக் 1872 டிசம்பரிலிருந்து சுமார் ஐந்து வாரம் பொறுப்பு ஆளுநராக இருந்தார். தென் கரோலினாவில் ராபர்ட் ஸ்மால்ஸ், 1862இல் அடிமையாக இருந்தபோதே 'பிளான்டர்' என்ற கூட்டமைப்புக் கப்பலை சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து குடும்பத்தோடு ஓட்டிச் சென்று ஒன்றியக் கடற்படையிடம் ஒப்படைத்தவர், பிற்பாடு மக்களவை உறுப்பினரானார்.

இந்த ஆட்சிகள் தெற்கில் முதன்முதலாக மாநிலம் தழுவிய இலவசப் பொதுப்பள்ளிகளை நிறுவின. அதனால் ஏழை வெள்ளையர் பிள்ளைகளும் படித்தார்கள். செலவுக்கு நிலவரியை உயர்த்தினார்கள், நிலக்காரர்களின் கோபத்துக்கு அது பெரிய காரணம்.

ஊழல் இருந்தது. ரயில் நிறுவனங்களின் கடன் பத்திரங்களுக்கு மாநிலம் உத்தரவாதம் கொடுத்த இடத்தில்தான் அது அதிகம். பாதை முழுதாக வரும் முன்பே பத்திரம் கைமாறியது, 1873 நிதி நெருக்கடியில் நிறுவனங்கள் விழுந்தன, கடன் மாநிலத்தின் தலையில் வந்தது. பணம் வாங்கியவர்களில் இரு கட்சியினரும் இரு நிறத்தவரும் இருந்தார்கள். அதே ஆண்டுகளில் நியூயார்க் நகராட்சியில் ட்வீட் கும்பல் அடித்த கொள்ளை இதற்குச் சளைத்ததல்ல. நியூயார்க்கில் அதற்காக எந்த இனத்தின் வாக்குரிமையும் பறிக்கப்படவில்லை. 'ஊழல் கறுப்பர் ஆட்சி' என்ற சித்திரம், அந்த ஆட்சிகளை வன்முறையால் கவிழ்த்தவர்கள் தங்களை நியாயப்படுத்த எழுதியது. பல தலைமுறைப் பாடநூல்களில் அது அப்படியே படிந்துவிட்டது.

வாரச் சாகுபடியில் கடன் ஏன் தீரவே இல்லை?

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரச் சாகுபடி மேலிருந்து திணிக்கப்பட்டது மட்டுமல்ல. விடுதலையானவர்கள் கங்காணியின் கீழ் கூட்டமாக உழைக்க மறுத்தார்கள். பெண்கள் வயலிலிருந்து விலகினார்கள். குடும்பத்துக்கென்று தனித்துண்டு வேண்டும் என்று கேட்டார்கள். நிலக்காரரிடம் கூலி கொடுக்க ரொக்கம் இல்லை, 1866, 1867 விளைச்சலும் பொய்த்தது. இரண்டும் சந்தித்த இடம் வாரம். ஜார்ஜியாவின் பாரோ பண்ணையின் இரண்டு வரைபடங்கள் இதைக் கண்முன் காட்டும். 1860இல் அடிமைக் குடிசைகள் எஜமானர் வீட்டுக்குப் பக்கத்தில் நெருக்கி நின்றன. 1881இல் அதே நிலத்தில் வீடுகள் ஒவ்வொன்றும் தன் வயலருகே சிதறி நிற்கின்றன, நடுவே ஒரு தேவாலயமும் பள்ளியும் இருக்கின்றன.

நிலம், கோவேறு கழுதை, கலப்பை, விதை எல்லாம் நிலக்காரருடையது என்றால் விளைச்சலில் பாதி அவருக்கு. ஜனவரியிலிருந்து பஞ்செடுக்கும் வரை குடும்பம் சாப்பிட வேண்டுமே? அங்கே மளிகைக் கடைக்காரர் வருகிறார், பல இடங்களில் நிலக்காரரே கடைக்காரர். விளையாத பயிரின் மேல் அடமானம் எழுதிக்கொண்டு சோளமாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, துணி, செருப்பு ஆகியவற்றைக் கடனுக்குக் கொடுப்பார். ரொக்க விலை ஒன்று, கடன் விலை வேறு. அதன்மேல் வட்டி. போர்க்காலத்தில் வந்த தேசிய வங்கிச் சட்டப்படி சிற்றூரில் தேசிய வங்கி தொடங்கவே 50,000 டாலர் முதல் வேண்டும், நிலத்தின் மேல் அது கடன் கொடுக்கவும் முடியாது. ஆகவே சுற்றுவட்டாரத்தில் கடன் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அந்தக் கடைக்காரர்.

முறையைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கு, எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஒரு குடும்பம் 450 பவுண்டு எடையில் 6 பேல் (பொதி) பருத்தி எடுக்கிறது, மொத்தம் 2,700 பவுண்டு. பவுண்டு 10 சென்ட் என்றால் 270 டாலர். பாதி 135. அரவை, சாக்கு, கட்டுக்கூலி 10 போக 125. கடையில் வருடம் முழுக்க வாங்கியது ரொக்க விலையில் 100 டாலர் பெறும், நோட்டில் 130 என்று ஏறியிருக்கும், வட்டி 13 சேர்த்து 143. பாக்கி 18 டாலர். அதே பருத்தி அடுத்த ஆண்டு 8 சென்டுக்கு விற்றால் குடும்பத்தின் கையில் 98தான், அந்த ஆண்டின் பாக்கி மட்டும் 45 டாலர், பழைய 18 தனி.

விலை உண்மையிலேயே விழுந்தது. போர் முடிந்த கையோடு 30 சென்டை ஒட்டி நின்ற பருத்தி 1870களின் இறுதியில் 10 சென்ட் அளவுக்கு வந்தது, 1890களின் நடுவில் சில ஆண்டுகளில் 6 சென்டுக்கும் கீழே போனது. சோளமோ காய்கறியோ போட்டுக்கொள்ளலாமே என்றால், கடைக்காரர் பருத்திக்குத்தான் கடன் தருவார். பாக்கியை வைத்துக்கொண்டு வேறு பண்ணைக்குப் போவது பல மாநிலங்களில் குற்றமாக்கப்பட்டது. நோட்டு கடைக்காரர் கையில். படிக்கத் தெரிந்தவர் கேள்வி கேட்டால், 'வெள்ளையர் கணக்கைச் சந்தேகிக்கிறாயா' என்ற மிரட்டல் வரும். அந்த மிரட்டலுக்குப் பின்னால் துப்பாக்கி இருந்தது. சொந்தமாக 40 ஏக்கர் இருந்திருந்தால் பாதி விளைச்சலும் கொடுத்திருக்க வேண்டாம், சாப்பாட்டுக்குச் சோளத்தையும் தாங்களே விதைத்திருக்கலாம்.

விடுதலையோர் சேமிப்பு வங்கி ஏன் விழுந்தது?

1865 மார்ச் 3 அன்றே, நலத்துறையோடு சேர்த்துத் தொடங்கப்பட்டது. படைவீரர்களின் சம்பளம், துணி துவைத்த காசு, காணிக்கைப் பணம் என்று சில்லறை சில்லறையாகச் சேர்ந்தது. தொடக்க விதிப்படி பணத்தை அரசுப் பத்திரங்களில் மட்டுமே போடலாம். 1870இல் அந்த விதியைத் தளர்த்தி நிலத்தின் மேல் கடன் கொடுக்க அனுமதித்தார்கள். வாஷிங்டன் முதலாளிகளின் நண்பர்களுக்குப் போதிய ஈடில்லாமல் கடன் போனது. 1873 நெருக்கடி வந்ததும் வங்கி ஆட்டம் கண்டது. 1874 மார்ச்சில், அடிமையாகப் பிறந்து கறுப்பினத் தலைவராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள், அவர் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டுப் பார்த்தார். ஜூனில் மூடப்பட்டது. 61,144 கணக்குகள், ஏறத்தாழ 30 லட்சம் டாலர். பலருக்கு ஒரு பகுதி மட்டுமே திரும்பியது, சுமார் பாதிப் பேருக்கு எதுவுமே இல்லை. கணக்குப் புத்தகத்தில் லிங்கன் படத்தையும் அரசின் பெயரையும் பார்த்து நம்பிப் போட்ட பணம் அது. அரசு உத்தரவாதம் எதுவும் அதற்கு இல்லை என்பதைப் பணம் போட்டவர்களுக்கு யாரும் விளக்கவில்லை.

கு கிளக்ஸ் கிளானை அரசால் அடக்க முடிந்ததா?

முடிந்தது. டென்னசியின் புலாஸ்கியில் தொடங்கிய அந்த வெள்ளை இன ஆதிக்கக் கும்பல் பள்ளிகளை எரித்தது, கறுப்பின வாக்காளர்களையும் தலைவர்களையும் அவர்களோடு நின்ற வெள்ளையர்களையும் கொன்றது. உள்ளூர் ஜூரிகள் ஒருவரையும் தண்டிக்கவில்லை. 1870இல் நீதித்துறை அமைந்தது, 1870–71இல் அமலாக்கச் சட்டங்கள் வந்தன. 1871 அக்டோபரில் அதிபர் கிராண்ட் தென் கரோலினாவின் 9 மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை (சட்டக் காரணமின்றிச் சிறைவைப்பதைத் தடுக்கும் உரிமை) நிறுத்திவைத்துப் படையை இறக்கினார். நூற்றுக்கணக்கில் கைது. அடுத்த ஆண்டுக்குள் கிளான் நொறுங்கியது.

பின்னடைவு நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1873 ஏப்ரல் 13 அன்று லூசியானாவின் கோல்பேக்ஸில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவர்களை ஆயுதக் கும்பல் தாக்கியது. சரணடைந்தவர்களையும் கொன்றார்கள், இறந்தவர்கள் குறைந்தது 60 பேருக்கு மேல். மூன்றே பேருக்குத் தீர்ப்பு எதிராக வந்தது, அதையும் உச்ச நீதிமன்றம் 1876இல் குரூக்‌ஷாங்க் வழக்கில் ரத்து செய்தது. 14ஆம் திருத்தம் மாநில அரசின் செயலைத்தான் தடுக்கும், தனிநபர்களின் செயலை அல்ல என்றது. மாநிலமோ தனிநபர்மீது வழக்கே போடாது. கொலைக்கு யாரிடம் போவது?

1877இல் என்ன பேரம் நடந்தது?

1876 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184 தேர்வு வாக்குகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களின் பிரதிநிதிகள் போடும் வாக்குகள்) உறுதியாயின, வெற்றிக்கு 185 வேண்டும். குடியரசுக் கட்சியின் ஹேஸுக்கு 165. மீதி 20 வாக்குகளில் தகராறு. 15 பேர் ஆணையம் 8–7 என்று எல்லா 20ஐயும் ஹேஸுக்குக் கொடுத்தது. ஜனநாயகக் கட்சியினர் அதை ஏற்றுக்கொள்வது, பதிலுக்குப் படை விலகுவது என்பதே பேரம். ஏப்ரலில் தென் கரோலினா, லூசியானா அரசு மாளிகைகளிலிருந்து படை விலகியது, அந்த ஆட்சிகள் கவிழ்ந்தன.

ஆனால் 1875ஐத்தான் திருப்பமாகக் கருத வேண்டும். மிசிசிப்பியில் அந்தத் தேர்தலுக்கு முன் துப்பாக்கிக் குழுக்கள் வெளிப்படையாகத் திரிந்தன. ஆளுநர் ஏம்ஸ் படை கேட்டார். தெற்கின் இந்த ஆண்டுதோறும் வரும் கலவரங்களால் மக்கள் சலித்துவிட்டார்கள் என்று வாஷிங்டன் கைவிரித்தது. அந்த உதாரணத்தைப் பார்த்துத்தான் மற்ற மாநிலங்கள் துணிந்தன.

பிறகு வாக்குரிமை எப்படிப் பறிபோனது?

இனம் என்ற சொல்லை எழுதாமலே பறித்தார்கள். 1890இல் மிசிசிப்பி 2 டாலர் தலைவரியும், அரசியல் சட்டப் பகுதியைப் படித்து அல்லது கேட்டு விளக்கும் தேர்வும் கொண்டுவந்தது. விளக்கம் சரியா என்று தீர்மானிப்பவர் வெள்ளை அதிகாரி. லூசியானா 1898இல், 1867க்கு முன் தந்தையோ தாத்தாவோ வாக்களித்திருந்தால் தேர்வு வேண்டாம் என்றது. 1896இல் அங்கே 1,30,334 கறுப்பின வாக்காளர்கள், 1904இல் 1,342. 1965 ஆகஸ்டின் வாக்குரிமைச் சட்டம் வரை இந்த ஏற்பாடு மொத்தத்தில் தாங்கியது.

இந்தியாவுக்கு இதனோடு தொடர்பு உண்டா?

பருத்தி வழியாக உண்டு. போரில் தென் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சுக்கு வந்தன. தூத்துக்குடி வழியாகப் போன திருநெல்வேலிப் பருத்திக்கும் விலை ஏறியது. 1865இல் போர் நின்றதும் விலை சரிந்தது. ஏற்றத்தை நம்பிக் கடன் வாங்கிய தக்காணத்து விவசாயிகள் 1875இல் புனே, அகமதுநகர் மாவட்டங்களில் வட்டிக்காரர் வீடுகளில் புகுந்து கடன் பத்திரங்களைத் தேடி எரித்தார்கள்.

பிரிக்கப்பட்ட குடும்பங்களைத் தேடினார்களா? அந்த ஆவணங்களை இன்று பார்க்க முடியுமா?

தேடினார்கள், பல பத்தாண்டுகள். விற்கப்பட்டுப் பிரிந்த தாயை, தம்பியை, கணவரைத் தேடித் திருச்சபை இதழ்களில் விளம்பரம் கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஓர் இதழின் 'தொலைந்த உறவுகள்' பகுதியில் சந்தாதாரர் அல்லாதவருக்கு ஓர் அறிவிப்புக்கு 50 சென்ட். போதகர்கள் அதை ஞாயிறு வழிபாட்டில் உரக்கப் படிப்பார்கள். அதில் யார் யாரிடம் விற்றார், எந்த ஊர், அப்போது எனக்கு என்ன வயது என்பதெல்லாம் இருக்கும், உறவைக் கண்டுபிடிக்க அதுதான் ஒரே அடையாளம்.

இன்று தேடுவோர் 1870 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். முன்பு அடிமைகளாக இருந்தவர்களை முதல் பெயர், குடும்பப் பெயரோடு பதிந்த முதல் கணக்கு அது. அதற்கு முன் 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும். இடைவெளியை நிரப்புபவை மூன்று: 1867 வாக்காளர் பதிவேடுகள், நலத்துறையின் கூலி உடன்படிக்கைகளும் திருமணப் பதிவுகளும், சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவேடுகள். வங்கிப் பதிவேடு எல்லாவற்றிலும் பயனுள்ளது. பணம் போட்டவரை அடையாளம் காண அவரது பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள், பழைய எஜமானர், பிறந்த ஊர் என்று கேட்டு எழுதிவைத்தார்கள். அதில் சுமார் 4.8 லட்சம் பெயர்கள் உள்ளன. நலத்துறை ஆவணங்களிலிருந்து தன்னார்வலர்கள் எடுத்த சுமார் 18 லட்சம் பெயர்களின் அட்டவணை 2016இல் முடிந்தது, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். குடும்பப் பெயரின் எழுத்துகள் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கும், எழுதியவர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். ஆகவே பெயரைவிட மாவட்டத்தையும், பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்களையும், நிலக்காரரின் பெயரையும் வைத்துத் தேடுவது பலன் தரும்.